எலும்பில் பிறந்த ஊசி

சட்டையில் பொத்தான் அறுந்துவிட்டால் ஊசி நூலைத் தேடுகிறோம். வேலை முடிந்ததும் ஊசியை நூற்கண்டில் செருகி வைத்துவிட்டு மறந்துவிடுகிறோம். வீட்டிலுள்ள கருவிகளுள் மிகச் சிறியது அது. விலையும் மிகக் குறைவு. எதற்கும் பயன்படாத பொருளைக் காதறுந்த ஊசி என்று சொல்லி ஒதுக்குவது நம் வழக்கம்.

அந்த வழக்கில் ஓர் உண்மை இருக்கிறது. கூரிய முனை முள்ளுக்கும் உண்டு, ஆணிக்கும் உண்டு. ஊசியை ஊசியாக்குவது அதன் காதுதான். முனை துளையிடுகிறது, அதே அசைவில் காது நூலைத் தன்னோடு இழுத்துச் செல்கிறது. இரண்டு வேலைகளை ஒரே கருவியில் இணைக்கும் இந்த யோசனை மனிதனுக்கு எப்போது தோன்றியது? இரும்பையும் செம்பையும் அவன் அறிந்திராத காலத்திலேயே தோன்றிவிட்டது. உலகின் மிகப் பழைய ஊசிகள் எலும்பால் ஆனவை. ஏறத்தாழ 40,000 ஆண்டுகளுக்கு முன்பே சைபீரியாவில் அவை புழக்கத்தில் இருந்தன.

அங்குள்ள அல்தாய் மலைப்பகுதியில் தெனிசோவா என்னும் குகை இருக்கிறது. 2016ஆம் ஆண்டில் அக்குகையில் அகழாய்வு செய்தவர்களுக்கு முழுமையான எலும்பு ஊசி ஒன்று கிடைத்தது. அதன் நீளம் 7.6 செ.மீ. ஒரு பெரிய பறவையின் எலும்பால் ஆனது. ஒரு நுனியில் கூர்மை, மறு நுனியில் காது. இன்று ஒரு தையற்காரரிடம் அதைக் கொடுத்தால், அது என்னவென்று அவருக்கு விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

ஏன் எலும்பைத் தேர்ந்தெடுத்தார்கள்?

கற்காலம் என்று சொல்லும்போது கல்லால் ஆன கருவிகளே நம் நினைவுக்கு வருகின்றன. கல்லுக்கு வெட்டும் ஆற்றல் உண்டு. ஆனால் கல்லை ஊசியளவுக்கு மெல்லியதாக்கினால் ஒடிந்துவிடும். மரக்குச்சியை மெல்லியதாக்கலாம், ஆனால் தடித்த தோலில் குத்தினால் அதன் முனை மழுங்கிவிடும். எலும்போ கடினமானது, ஓரளவு வளைந்தும் கொடுக்கும். இந்த இரு பண்புகளும் ஒரே பொருளில் எப்படி வந்தன?

எலும்பு இரண்டு பொருள்களின் கூட்டு. அதன் எடையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு கால்சியமும் பாஸ்பேட்டும் சேர்ந்த தாது உப்பு. மீதியில் பெரும்பகுதி கொலாஜன் என்னும் புரத இழை. கட்டடம் கட்டும்போது சிமெண்டுக் கலவைக்குள் இரும்புக் கம்பிகளை வைக்கிறோம் அல்லவா? கலவை அழுத்தத்தைத் தாங்கும்; கம்பி இழுவிசையைத் தாங்கும். எலும்பிலும் அவ்வாறே. தாது உப்பு கடினத்தைத் தருகிறது. கொலாஜன் இழை முறியாமல் பிடித்துக்கொள்கிறது.

இதை நீங்களே சோதித்துப் பார்க்கலாம். கோழியின் கால் எலும்பு ஒன்றைச் சதை நீக்கிக் கழுவி, காடியில், அதாவது வினிகரில், ஒரு வாரம் ஊறவிடுங்கள். இடையில் ஒருமுறை காடியை மாற்றுங்கள். அமிலம் தாது உப்பைக் கரைத்துவிடும். கொலாஜன் மட்டும் எஞ்சும். அப்போது எலும்பை ரப்பரைப் போல வளைக்கலாம். மாறாக, எலும்பை நெருப்பிலிட்டால் கொலாஜன் எரிந்துபோகும். வெளுத்து எஞ்சும் தாது, விரலால் அழுத்தினாலே நொறுங்கிவிடும். இரண்டும் சேர்ந்திருந்தால்தான் எலும்புக்கு வலிமை.

ஆதி மனிதனுக்குக் கொலாஜனும் தெரியாது, கால்சியமும் தெரியாது. ஆனால் எந்த வேலைக்கு எந்த எலும்பு உகந்தது என்பதைத் தன் பட்டறிவால் அறிந்திருந்தான். பிரான்சில் உள்ள இரு தொல்லிடங்களில் நியாண்டர்தால் மனிதர்கள் ஏறத்தாழ 50,000 ஆண்டுகளுக்கு முன் செய்த தேய்ப்புக் கருவிகள் கிடைத்தன. விலா எலும்பின் நுனியை வழுவழுப்பாக்கி, அதனால் தோலை அழுத்தித் தேய்த்து மென்மையாக்கினார்கள். 2013ஆம் ஆண்டில் இவற்றைப் பற்றிய ஆய்வு வெளியானது. இதே வடிவமுள்ள கருவியைத் தோல் வேலை செய்பவர்கள் இன்றும் கையாளுகிறார்கள்.

இக்கருவிகள் எந்த விலங்கின் விலா எலும்பால் ஆனவை? 2020ஆம் ஆண்டில் இதற்கு விடை கிடைத்தது. கொலாஜன் புரதத்தின் அமைப்பு விலங்குக்கு விலங்கு சிறிது வேறுபடும். அந்த வேறுபாட்டைக் கொண்டு எலும்பின் உரிமையாளரைக் கண்டறியலாம். பழம்பொருளைச் சுரண்டிச் சேதப்படுத்தவும் தேவையிருக்கவில்லை. கருவிகளை வைத்திருந்த பிளாஸ்டிக் பெட்டியில் ஒட்டியிருந்த நுண்ணிய புரதத் துகள்களே போதுமாயின. அவர்கள் உண்டு எறிந்த எலும்புகளில் பெரும்பாலானவை பனிமானின் எலும்புகள். ஆனால் தேய்ப்புக் கருவிகளுக்குக் காட்டெருமை போன்ற பெரிய மாட்டினங்களின் விலாவையே நாடியிருக்கிறார்கள். அந்த விலா தடித்தது, அழுத்தம் தாங்குவது. கையில் கிடைத்ததை எடுக்கவில்லை, தேர்ந்து எடுத்திருக்கிறார்கள்.

குத்தூசியிலிருந்து ஊசிக்கு

ஊசிக்கு முன்பே குத்தூசி வந்துவிட்டது. செருப்புத் தைப்பவரிடம் கைப்பிடி போட்ட குத்தூசியைப் பார்த்திருப்பீர்கள். அதைப் போன்றே கூராக்கிய எலும்பால் தோலில் துளையிட்டு, அத்துளையில் நாரையோ தோல் வாரையோ கையால் நுழைத்து இழுத்தார்கள்.

தோலைப் பதப்படுத்தும் கலை மிகப் பழையது. மொராக்கோ நாட்டின் அட்லாண்டிக் கடற்கரையில் கோந்திரபாந்தியே என்னும் குகை உள்ளது. அங்கே கிடைத்த 62 எலும்புக் கருவிகளின் வயது 1,20,000 முதல் 90,000 ஆண்டுகள் வரை. எமிலி ஹாலட்டும் அவருடைய குழுவினரும் 2021ஆம் ஆண்டில் அவற்றைப் பற்றி எழுதினார்கள். அவற்றுள் சில, தோலிலிருந்து கொழுப்பையும் சவ்வையும் கிழிக்காமல் வழித்தெடுக்க ஏற்றவை. அதே குகையில் நரி, குள்ளநரி, காட்டுப்பூனை ஆகியவற்றின் எலும்புகளும் இருந்தன. இறைச்சிக்காக அறுத்த வெட்டுக்குறிகள் அவற்றில் இல்லை. உரோமத் தோலை உரித்த வெட்டுக்குறிகளே இருந்தன.

ஸ்பெயினில் பார்சிலோனாவுக்கு அருகே கன்யார்ஸ் என்னுமிடத்தில் கிடைத்த ஓர் இடுப்பெலும்புத் துண்டு இன்னொரு செய்தியைச் சொல்கிறது. குதிரை அல்லது காட்டெருமை போன்ற ஒரு பெரிய விலங்கின் எலும்பு அது. வயது ஏறத்தாழ 39,600 ஆண்டுகள். அதன் மேல் 28 குத்துத் தடங்கள் உள்ளன. அவற்றுள் பத்துத் தடங்கள் ஏறத்தாழச் சம இடைவெளியில் ஒரே வரிசையில் அமைந்துள்ளன. இத்தடங்கள் எப்படி வந்திருக்கும் என்று ஆய்வாளர் லுக் துவாயோனின் குழுவினர் பலவகைக் கருவிகளைக் கொண்டு செய்து பார்த்தார்கள். தோலை எலும்பின் மேல் விரித்து, கல்லுளியை வைத்து அதன் தலையில் அடித்தபோதுதான் அதே போன்ற தடங்கள் விழுந்தன. எனவே அந்த எலும்பு ஒரு பட்டறைப் பலகை. தையலுக்குரிய துளைகளை வரிசையாக அதன் மேல் வைத்துப் போட்டிருக்கிறார்கள். ஊசி அங்கு வந்து சேர்வதற்கு வெகுகாலம் முன்பே ஐரோப்பாவில் தையல் இருந்தது என்பதற்கு இது சான்று. மேற்கு ஐரோப்பாவில் காதுள்ள ஊசிகள் ஏறத்தாழ 25,000 ஆண்டுகளுக்கு முன்புதான் தென்படத் தொடங்குகின்றன.

ஊசி செய்த விதம்

ஊசி செய்வது பொறுமையைக் கேட்கும் வேலை. முதலில் நீண்ட, நேரான எலும்பு வேண்டும். சிக்கிமுக்கிக் கல்லால் ஆன செதுக்குளியைக் கொண்டு எலும்பின் நீளவாட்டில் இரண்டு பள்ளக் கோடுகளை இழைத்தார்கள். பள்ளங்கள் உள்ளே இருக்கும் மஜ்ஜைக் குழிவரை ஆழமானதும், இடைப்பட்ட பகுதியை ஒரு சிம்பாகப் பெயர்த்தெடுத்தார்கள். எலும்பை உடைத்தால் துண்டுகள் தாறுமாறாகச் சிதறும். இம்முறையில் வேண்டிய அளவிலேயே சிம்பு கிடைக்கும்.

அடுத்து, அந்தச் சிம்பை மணற்கல்லில் தேய்த்து உருட்டினார்கள். மணற்கல் அன்றைய உப்புத்தாள். ஒரே இடத்தில் பல ஊசிகளைத் தேய்த்ததால் நீண்ட பள்ளம் விழுந்த கற்கள் பல கிடைத்துள்ளன.

மிகக் கடினமான வேலை காது குத்துவதுதான். அடிப்பகுதியைச் சற்றுத் தட்டையாக்கி, கூரிய கல்முனையால் ஒரு பக்கம் பாதியும் மறுபக்கம் பாதியுமாகக் குடைந்தார்கள். ஒரே பக்கமாகக் குடைந்தால் மறுபுறம் சிம்பு பெயர்ந்து காது உடைந்துவிடும். இருபுறமும் குடைந்ததால் துளையின் வாய் அகன்றும் நடுப்பகுதி குறுகியும் இருக்கும். உருப்பெருக்காடியில் பார்த்தால் இது தெரியும். காது உடைந்துபோன சில ஊசிகளில், உடைந்த இடத்துக்குச் சற்றுக் கீழே புதிய காது குத்தியிருக்கிறார்கள். இத்தனை உழைப்பில் உருவான பொருளை எளிதில் எறிந்துவிட மனம் வருமா?

நூலுக்கு என்ன செய்தார்கள்? விலங்கின் தசைநாணை உலர்த்தி, தட்டி, இழையிழையாகப் பிரித்தால் வலிமையான நூல் கிடைக்கும். ஆர்க்டிக் பகுதியில் வாழும் இனுவிட் மக்களின் பழைய தையல்முறை இதுவே. ஈரம் பட்டால் அந்த நரம்பு நூல் உப்பித் துளையை அடைத்துக்கொள்ளும். நீர் புகாத காலணி தைக்கும்போது ஊசி தோலின் மறுபுறம் வெளிவராதபடி, பாதி ஆழம் மட்டும் செலுத்தித் தைப்பார்கள். குத்தூசியால் செய்ய இயலாத நுட்பம் இது.

குளிரை வென்ற கருவி

மனித உடல் வெப்ப நாட்டுக்கு உரியது. ஆடையின்றிச் சும்மா இருக்கும் மனிதனுக்குச் சுற்றுப்புற வெப்பநிலை ஏறத்தாழ 27 பாகை செல்சியசுக்குக் கீழே இறங்கினாலே, உடல் தன் வெப்பத்தைக் காக்கக் கூடுதலாகப் பாடுபட வேண்டியிருக்கிறது. சைபீரியக் குளிர்காலத்திலோ வெப்பநிலை உறைநிலைக்கும் பல பாகைகள் கீழே போய்விடும்.

ஆடை வெப்பத்தை உண்டாக்குவதில்லை. உடலைச் சுற்றியுள்ள காற்றை அசையாமல் பிடித்து வைப்பதே அதன் வேலை. அசையாத காற்று வெப்பத்தை எளிதில் கடத்தாது. ஒரு தோலைப் போர்வையாகப் போர்த்திக்கொண்டால் காற்று கீழிருந்தும் பக்கங்களிலிருந்தும் புகுந்து அந்த வெதுவெதுப்பைக் கொண்டுபோய்விடும். கையும் காலும் தனித்தனியே பொருந்துமாறு வெட்டித் தைத்த ஆடையில் காற்றுக்கு வழியில்லை. அதனுள்ளே இன்னோர் ஆடையும் இருந்தால் இரண்டு காற்றடுக்குகள் கிடைக்கும். உள்ளாடைக்கு மெல்லிய தோல், நெருக்கமான தையல், சிறிய துளைகள் தேவை. அதற்குத்தான் ஊசி.

மனிதன் எப்போது ஆடை அணியத் தொடங்கினான் என்பதற்கு எதிர்பாராத ஒரு சாட்சியும் உண்டு. அதுதான் சீலைப்பேன். தலைப்பேன் முடியில் வாழ்கிறது. சீலைப்பேன் துணி மடிப்பில் வாழ்ந்து முட்டையிடுகிறது. ஆடை என்ற ஒன்று வந்த பிறகே இந்த இனம் பிரிந்திருக்க முடியும். இரு வகைப் பேன்களின் மரபுப் பொருளை ஒப்பிட்டு, 2003ஆம் ஆண்டில் மார்க் ஸ்டோன்கிங் குழுவினர் இப்பிரிவு ஏறத்தாழ 72,000 ஆண்டுகளுக்கு முன் நிகழ்ந்தது என்று கணக்கிட்டார்கள். 2011இல் வெளியான மற்றோர் ஆய்வு அதை 1,70,000 ஆண்டுகள் வரை பின்னுக்குக் கொண்டுசென்றது. கணக்குகள் மாறினாலும், ஊசியைவிட ஆடை மிக மூத்தது என்பதில் இரண்டும் ஒத்துப்போகின்றன.

ஊசியோடு சென்ற மனிதன் வட ஆசியாவைக் கடந்து அமெரிக்காவையும் அடைந்தான். அமெரிக்க ஐக்கிய நாட்டின் வயோமிங் மாநிலத்தில் லா பிரெல் என்னுமிடத்தில், வேடர்கள் ஓர் இளம் மாம்மத் யானையை வீழ்த்திய முகாம் அகழப்பட்டது. அதன் காலம் ஏறத்தாழ 12,900 ஆண்டுகளுக்கு முன். அங்கே 32 எலும்பு ஊசித் துண்டுகள் கிடைத்தன. 2024ஆம் ஆண்டில் அவற்றின் கொலாஜனைச் சோதித்தபோது, அவை யானையின் எலும்பாலோ காட்டெருமையின் எலும்பாலோ ஆனவை அல்ல என்று தெரிந்தது. நரி, காட்டுப்பூனை இனங்கள், முயல் ஆகியவற்றின் எலும்புகள் அவை. இச்சிறு விலங்குகளின் எலும்பு பருமனிலேயே ஊசிக்கு ஏற்றது. அதிகம் செதுக்க வேண்டியதில்லை. உரோமத்துக்காகப் பிடித்த விலங்கின் எலும்பிலேயே ஊசி செய்து, அந்த ஊசியால் அதே உரோமத் தோலைத் தைத்திருக்கிறார்கள் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.

குளிர் மட்டுமா காரணம்?

இங்கே ஒரு கேள்வி எழுகிறது. குத்தூசியைக் கொண்டே உடலுக்குப் பொருந்தும் ஆடையைத் தைக்க முடியும் என்று கன்யார்ஸ் எலும்பு காட்டுகிறதே! அப்படியிருக்க, ஒடியும் இயல்புள்ள மெல்லிய ஊசியைச் செய்ய ஏன் இத்தனை பாடுபட வேண்டும்?

சிட்னி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த இயன் கில்லிகனும் உடன் ஆய்வாளர்களும் 2024ஆம் ஆண்டில் ஒரு விளக்கம் தந்தார்கள். அதற்கு முன் மனிதன் தன் உடலையே அழகுபடுத்தினான். செம்மண் பூசினான், கீறல் இட்டான். கடுங்குளிரில் உடல் முழுவதையும் ஆடை மூடிய பிறகு அந்த அலங்காரத்தை யார் பார்ப்பார்கள்? ஆகவே அலங்காரம் ஆடைக்கு இடம் மாறியது. மணிகளையும் சிப்பிகளையும் ஆடையில் பதித்துத் தைக்கும் நுண்ணிய வேலைக்கே காதுள்ள ஊசி தேவைப்பட்டது என்பது அவர்கள் வாதம்.

இக்கருத்துக்கு அரண் செய்யும் காட்சி ஒன்று ரஷ்யாவில் உள்ளது. விளாதிமிர் நகருக்கு அருகே சுங்கீர் என்னுமிடத்தில் ஏறத்தாழ 34,000 ஆண்டுகளுக்கு முந்தைய கல்லறைகள் கண்டெடுக்கப்பட்டன. ஒரு கல்லறையில் இரண்டு சிறுவர்கள். அவர்களின் உடல்களைச் சுற்றி மாம்மத் தந்தத்தில் கடைந்த 10,000க்கும் மேற்பட்ட மணிகள் வரிசை வரிசையாகக் கிடந்தன. ஆடை மக்கிப்போயிற்று, அதில் தைத்த மணிகளின் வரிசை மட்டும் கலையாமல் நின்று, கையும் தொப்பியும் எங்கே இருந்தன என்று காட்டுகிறது. இறந்த குழந்தைகளுக்காக ஒரு கூட்டமே எத்தனை நாள் உழைத்திருக்க வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள்.

குளிரே இல்லாத நாட்டிலும் எலும்புக் கருவிகள் தோலோடும் நாரோடும் உறவாடியிருக்கின்றன. இலங்கையின் களுத்துறை மாவட்டத்தில், மழைக்காட்டின் நடுவே பாகியன் குகை இருக்கிறது. ஏறத்தாழ 48,000 ஆண்டுகளுக்கு முன்பே மக்கள் அங்கே குரங்கு எலும்புகளால் அம்பு முனைகள் செய்தார்கள். அவற்றோடு, தோலையும் தாவர நாரையும் பக்குவப்படுத்தும் எலும்புக் கருவிகளும் இருந்தன. 2020ஆம் ஆண்டில் இதனை வெளியிட்ட ஆய்வாளர்கள், அங்கு வாழ்ந்தோர் பூச்சிக்கடியிலிருந்து காத்துக்கொள்ள உடலை மூடியிருக்கலாம் என்கிறார்கள். உடுப்பதற்குக் குளிர் ஒரு காரணம். அதுவே முழுக் காரணம் அன்று.

ஊரும் நகரமும் வந்த பின்

வேளாண்மையும் கால்நடை வளர்ப்பும் தோன்றியபின் எலும்புக்குப் பஞ்சமே இல்லாமற் போயிற்று. காஷ்மீரில் ஸ்ரீநகருக்கு அருகேயுள்ள புர்சாஹோமில், ஏறத்தாழ 4,500 ஆண்டுகளுக்கு முன் தரையில் குழிதோண்டி வீடமைத்து வாழ்ந்த மக்கள் ஊசி, குத்தூசி, மீன்குத்தும் ஈட்டிமுனை ஆகியவற்றை எலும்பால் செய்துகொண்டார்கள். சீனாவில் சாங் அரசமரபின் தலைநகராய் விளங்கிய ஆன்யாங்கில் எலும்பு வேலைக்கென்றே தொழிற்கூடங்கள் இருந்தன. அங்கே டன் கணக்கில் கிடைத்த மாட்டெலும்புக் கழிவுகள், கொண்டை ஊசிகள் பெரும் அளவில் உற்பத்தியானதைக் காட்டுகின்றன.

ரோமானியப் பேரரசில் எலும்பு ஏழை எளியோரின் தந்தம். தாயக்கட்டை, சீப்பு, கத்திப்பிடி, பெட்டிக் கீல், கரண்டி எல்லாம் எலும்பில் கடையப்பட்டன. மாட்டின் காலில் குளம்புக்கு மேலே உள்ள எலும்பு நேரானது, சுவர் தடித்தது, சதை இல்லாதது. ஆகவே கைவினைஞர்கள் அதையே விரும்பினார்கள். வட்டக் குழியும் கூரிய காம்பும் உடைய சிறு கரண்டி ஒன்று அங்கே வழக்கில் இருந்தது. கூரிய காம்பால் நத்தையின் சதையை ஓட்டிலிருந்து வெளியே எடுப்பார்கள். குழியால் முட்டையைச் சாப்பிடுவார்கள். நத்தையைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்தே அக்கரண்டிக்குப் பெயர் வந்தது.

ரோமானிய ஊசி ஒன்று அறிஞர்களை வெகுநாள் ஏமாற்றியது. ரோமானியப் பெண்களின் சிலைகளில் தலைமுடி அடுக்கடுக்காக உயர்ந்து நிற்கிறது. அது பொய்ம்முடியாகத்தான் இருக்க வேண்டும் என்று பலர் எண்ணினார்கள். அமெரிக்காவின் பால்ட்டிமோர் நகரில் சிகை அலங்காரத் தொழில் செய்துவந்த ஜேனட் ஸ்டீபன்ஸ் அந்த அலங்காரத்தைச் செய்து பார்க்க முயன்றார். கொண்டை ஊசிகளால் அது நிற்கவில்லை. கொண்டை ஊசியையும் தையல் ஊசியையும் இலத்தீன் மொழி ஒரே சொல்லால் குறிப்பதைக் கண்டதும், அவருக்குப் புதிர் விடுபட்டது. பின்னலை ஊசி நூலால் தலையிலேயே தைத்துவிட்டால் அலங்காரம் அசையாமல் நிற்கிறது! தம் முடிவை அவர் 2008ஆம் ஆண்டில் ஓர் ஆய்விதழில் வெளியிட்டார். தொழிலறிந்த கை, நூலறிவுக்கு உதவிய நிகழ்ச்சி இது.

செம்பும் வெண்கலமும் இரும்பும் வந்த பிறகும் எலும்பு உடனே விலகிவிடவில்லை. உலோகத்துக்குச் சுரங்கமும் உலையும் வேண்டும். எலும்பு சமையலறையிலேயே கிடைக்கும். தமிழ்நாட்டில் கீழடி அகழாய்வில் இவ்விரண்டும் ஒருங்கே கிடைத்துள்ளன. நூல் நூற்கும் தக்களி, தறியில் தொங்கவிடும் குண்டு ஆகியவற்றோடு, நெசவுக்குப் பயன்பட்ட கூர்முனை எலும்புக் கருவிகளையும் செம்பு ஊசியையும் தமிழ்நாட்டுத் தொல்லியல் துறை தன் 2019ஆம் ஆண்டு அறிக்கையில் குறிப்பிடுகிறது.

காலப்போக்கில் எஃகு ஊசி வந்து எலும்பு ஊசியை ஓரங்கட்டியது. எனினும் மாறியது பொருள்தான், வடிவம் அன்று. எலியாஸ் ஹோவே என்னும் அமெரிக்கர் 1846ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்ற தையல் எந்திரத்தில் காது அடியிலிருந்து முனைக்கு இடம் மாறியிருந்தது. அதுவும் எந்திரத்துக்காக. கையால் தைக்கும் ஊசியில் அது பழைய இடத்திலேயே இருக்கிறது.

அருங்காட்சியகத்துக்குச் செல்லும்போது பெரிய சிலைகளையும் வாள்களையும் பார்த்துவிட்டு வந்துவிடாதீர்கள். மூலையில் உள்ள கண்ணாடிப் பெட்டியில் சில எலும்புத் துண்டுகள் அடுக்கப்பட்டிருக்கும். அவற்றின் நுனி வழுவழுப்பாக இருக்கிறதா, காது இருபுறமும் குடையப்பட்டிருக்கிறதா என்று உற்றுப் பாருங்கள். அந்த வழுவழுப்பு, பல்லாயிரம் முறை தோலிலும் துணியிலும் நுழைந்து வெளிவந்ததால் ஏற்பட்டது. அதைப் பிடித்திருந்த கைக்கு உரியவரின் பெயர் எந்தக் கல்வெட்டிலும் இல்லை. ஆனால் அவர் தைத்த ஆடையைப் போர்த்திக்கொண்டுதான் மனித இனம் பனிநிலத்தைக் கடந்தது.